உழுத மண்ணில் பழங்காசு: தர்மபுரி, கிருஷ்ணகிரி வயல்களுக்கு ஒரு கைவழி

மெட்டல் டிடெக்டரை முதல் நாள் வயலில் இறக்கியவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இது ஏன் நிற்காமல் கத்துகிறது? மிஷினில் பழுதில்லை. மண் அப்படி. தீர்த்தமலை இரும்புத்தாதுக்குப் பேர்போன இடம். மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்புக்குத் தமிழக அரசு 2022-இல் அறிவித்த காலம் கி.மு. 2172. நாலாயிரம் ஆண்டுக்கு மேலாக இரும்பு புழங்கிய மண்ணில், மாவு போலப் பொடிந்த இரும்புத்தாதும் உருக்கிய சிட்டமும் சேற்றோடு சேறாகக் கலந்து கிடக்கின்றன. அதற்கு நடுவே ஒரு செம்புக்காசின் குரலைப் பிரித்துக் கேட்கப் பழக வேண்டும். அதைவிட முக்கியம், காசு கிடைத்த பிறகு என்ன செய்வது என்று முன்பே தெரிந்திருப்பது. அதனால் சட்டத்திலிருந்தே தொடங்குவோம்.

தோண்டும் முன்

1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. மண்ணில் மறைந்து கிடந்த எந்தப் பொருளும், அதன் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால், மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்கப்பட வேண்டும். அந்தக் காலப் பத்து ரூபாய் இன்றும் மாறவில்லை. அதனால் ஒற்றைச் செம்புக்காசுகூட இதற்குள் வந்துவிடும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கடிதத்தில் நாலு செய்தி இருக்க வேண்டும்: என்ன பொருள், தோராயமாக எவ்வளவு, எங்கே கிடைத்தது, எந்தத் தேதி. பொருளை அருகிலுள்ள அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்கலாம், அல்லது கேட்கும்போது கொண்டுவருவதாக ஆட்சியருக்குப் பிணை கொடுக்கலாம். மறைத்தால் கண்டெடுத்தவரின் பங்கு அரசுக்குப் போகும். ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். நிலத்துக்காரர் தெரிந்தே துணை போனால் அவருக்கும் தண்டனை உண்டு.

தெரிவித்தவருக்கு ஒன்றுமே கிடைக்காது என்று ஊரில் சொல்வது பாதி உண்மைதான். உரிமை கோர யாரும் இல்லை என்று முடிவானால், கண்டெடுத்தவருக்கும் நிலத்துக்காரருக்கும் இடையே வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, முக்கால் பங்கு கண்டெடுத்தவருக்கு, கால் பங்கு நிலத்துக்காரருக்கு. அரசே எடுத்துக்கொள்ள விரும்பினால் உலோக மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்துத் தரும். இதைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஆனால் திருட்டுத்தனமாகத் தட்டான் கடையில் போட்டால் உலோக விலைக்கும் கீழேதான் கிடைக்கும், கூடவே தூக்கமும் போகும்.

நூறு ஆண்டுக்கு மேற்பட்ட காசு 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். உரிமம் இல்லாமல் அதை வணிகம் செய்யக்கூடாது, வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது. ஆன்லைனில் 'பழைய காசு லட்சக்கணக்கில் வாங்கப்படும்' என்று வரும் விளம்பரங்களில் முன்பணம் கேட்டால், அங்கே வியாபாரமே இல்லை என்று அறிக.

கிருஷ்ணகிரிக் கோட்டை, ராயக்கோட்டை போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களிலும் அவற்றின் அடிவாரத்திலும் மிஷினை எடுக்கவே வேண்டாம். கோயில் நிலம், காப்புக்காடு, ஏரிக்கரை, புறம்போக்கு இவற்றையும் விட்டுவிடுங்கள். மிச்சம் இருப்பது பட்டா நிலம்: உங்களுடையது, அல்லது சர்வே எண் குறித்து நிலத்துக்காரர் எழுத்தில் சம்மதம் கொடுத்தது. குத்தகைக்காரரின் வாய்ச்சொல் போதாது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. நடுகல்லைப் புரட்டுவதும், பாண்டவர் வீடு, மோரியர் வீடு என்று சொல்லும் கல்திட்டைகளைக் கடப்பாரையால் நெம்புவதும் குற்றம் மட்டுமல்ல, வீண் வேலை. கல்திட்டையில் இருப்பது எலும்பு, கருப்பு சிவப்புப் பானை, இரும்புக் கத்தி. சோழர் காசுக்கும் அந்த ஈமக்குழிக்கும் இடையே ஆயிரம் ஆண்டுக்கு மேல் இடைவெளி. நடுகல்லுக்கு அடியில் இருப்பது வெறும் மண். 'நாற்பது அடி தூரத்திலிருந்தே தங்கத்தைக் காட்டும்' என்று ஆன்டெனா வைத்துக் கம்பி ஆட்டும் கருவிகளும் அதே கணக்குதான். அவற்றில் வேலை செய்வது கையின் நடுக்கம் மட்டுமே.

எந்த வயல், எந்தக் காலம்

மிஷினைவிடக் கால்தான் அதிகக் காசு கண்டுபிடிக்கும். சித்திரை, வைகாசியில் கோடை மழைக்கு முன் ஒரு புழுதி உழவு ஓட்டிவிடுவார்கள். அதன்மேல் ஒரு நல்ல மழை விழுந்தால் கட்டி கரைந்து கல்லும் பானை ஓடும் மேலே நிற்கும், காசும் அப்படியே. மழை விட்ட மறுநாள் காலை, வெயில் சாய்வாக விழும் நேரத்தில், சூரியனைப் பார்த்தபடி நடந்தால் தட்டையான எதுவும் பளிச்சிடும் அல்லது நிழல் போடும். இரண்டு மீட்டர் இடைவெளியில் கயிறு கட்டி, சால் சாலாக நடக்க வேண்டும். ஆடிப்பட்டத்துக்கு விதைத்துவிட்டால் பயிர் அறுக்கும் வரை அந்த வயலில் கால் வைக்காதீர்கள்.

காசைத் தேடாதீர்கள், பானை ஓடுகளைத் தேடுங்கள். ஓடு நிறைந்த இடம்தான் மக்கள் குடியிருந்த இடம். ஊர்ப் பெயரில் நத்தமேடு, பாழூர், சந்தைமேடு என்று வந்தால் அந்த மேட்டைச் சுற்றிய வயல்களில் ஓடு அடர்ந்து கிடக்கும். சாம்பல் நிற மண், உடைந்த செங்கல், திருகைத் துண்டு, கண்ணாடி வளையல் துண்டு, இரும்புச் சிட்டம் எல்லாம் ஒரே இடத்தில் கூடினால் ஊர் உறுதி. பழைய வழிகளும் பார்க்கத் தக்கவை. அதியமான் பெருவழி என்று பொறித்த காதக்கற்கள் தர்மபுரி வட்டாரத்தில் கிடைத்திருக்கின்றன. தொப்பூர் கணவாய், ராயக்கோட்டை இறக்கம், தென்பெண்ணையைக் கடக்கும் பழைய துறைகள் வழியாகத்தான் பொதிமாடுகள் போயின. ஆளும் மாடும் தங்கிய இடத்தில் காசு தவறும். நடந்து போன இடத்தில் தவறுவது குறைவு. கிணற்றடி, மந்தை, புளியமர நிழல் என்று பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஏரி வண்டலை டிராக்டரில் ஏற்றி வந்து வயலில் கொட்டுவது இங்கே வழக்கம். குப்பைமேட்டு எருவும் அப்படியே. வண்டல் போட்ட வயலில் கிடைத்த காசு அந்த வயலின் காசு அல்ல, ஏரியின் காசு. எந்த ஏரி, எந்த ஆண்டு அடித்தது என்று நிலத்துக்காரரிடம் முதலிலேயே கேட்டுக் குறித்துக்கொள்ளாவிட்டால், எங்கோ இருந்த ஊரை இங்கே இருந்ததாக எழுதிவைப்போம்.

மிஷின்

மண்ணின் குணம் அறிய ஒரு எளிய சோதனை. உடைந்த ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத்தை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, வாய்க்கால் மணலிலும் வயல் மண்ணிலும் இழுத்துப் பாருங்கள். பையில் கருந்தாடி முளைத்தால் அந்த மண்ணில் மாக்னடைட் என்ற காந்த இரும்புத்தாது அதிகம். மிஷினின் அடியிலுள்ள கம்பிச்சுருள் தட்டான காயில் அனுப்பும் அலையை அந்தத் துகள்களே திருப்பி அனுப்பும். மிஷின் அதையும் உலோகமாகவே எடுத்துக்கொள்ளும். இப்படிப்பட்ட செம்மண்ணில் விளம்பரத்தில் சொல்லும் ஆழத்தில் பாதி கிடைத்தாலே நல்லது. 2 செ.மீ. அகலச் செம்புக்காசு 15 செ.மீ. வரை கேட்கும். தங்கப் பணம் என்ற பழைய சிறு காசு 0.35 கிராம்தான், மூன்று குண்டுமணி எடை, 4 செ.மீ. தாண்டினால் பெரும்பாலும் கேட்காது.

இந்த மண்ணுக்கு டபுள் டி வகைக் காயில் வாங்குங்கள். வட்டமான கான்சென்ட்ரிக் காயிலைவிட அது மண்ணின் இரைச்சலைக் குறைவாக வாங்கும். அளவு 9 அங்குலம் போதும். குப்பை அடர்ந்த நத்தமேட்டில் 5 அல்லது 6 அங்குலம். மண்ணின் இரைச்சலைக் கழிக்கும் மண் சமன்பாட்டைக் கையால் திருத்தும் வசதி இல்லாத மிஷின் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம், அது இங்கே பொம்மை. ஹெட்போன் கட்டாயம். உலோகம் கிடக்கும் புள்ளியைக் காட்டும் கையடக்கப் பின்பாயிண்டர் இருந்தால் குழியைச் சிறிதாக வைக்கலாம்.

வயலில் இறங்கியதும் செய்ய வேண்டியது:

1. கைபேசியை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். பம்ப்செட், மின்கம்பி, டிரான்ஸ்பார்மர் இவற்றிலிருந்து 15 மீட்டராவது தள்ளி நில்லுங்கள். தேன்கனிக்கோட்டை, ஓசூர்ப் பக்கம் யானைக்காகப் போட்ட சோலார் வேலி நொடிக்கு ஒன்று என்கிற கணக்கில் துடிக்கும். ஹெட்போனில் சீராக 'டிக் டிக்' என்று கேட்டால் அது வேலி, காசல்ல. வேலியை நிறுத்தச் சொல்லாதீர்கள், நீங்கள் தள்ளிப் போங்கள்.

2. உலோகம் இல்லாத ஒரு கெஜம் மண்ணைக் கண்டுபிடித்து, காயிலைத் தரையிலிருந்து 3 செ.மீ., 20 செ.மீ. என்று மேலும் கீழும் பத்துத் தடவை ஆட்டுங்கள். இறக்கும்போதும் ஏற்றும்போதும் ஒலி மாறாமல் நிற்கும் வரை மண் சமன்பாட்டைத் திருத்துங்கள். செம்மண்ணிலிருந்து கரம்பைக்கோ, காய்ந்த மண்ணிலிருந்து ஈர மண்ணுக்கோ மாறும் ஒவ்வொரு முறையும் இதை மறுபடி செய்ய வேண்டும். பத்து நிமிடத்தில் மண் மாறிவிடும் நிலம் இங்கே அதிகம்.

3. சென்சிடிவிட்டியை முழுக்க ஏற்றாதீர்கள். அறுபது, எழுபது சதவீதத்தில் தொடங்கி, கத்தல் தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள். ஆழம் வேண்டுமென்று முழுக்க ஏற்றுவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. இரைச்சல் கூடும், ஆழம் குறையும்.

4. காயில் தரையிலிருந்து 2, 3 செ.மீ. உயரத்தில், தரைக்கு இணையாக. களத்தில் நெல் கூட்டும் விளக்குமாறு போல நுனியில் மேலே தூக்கக்கூடாது. அங்கே ஆழம் போய்விடும். ஒரு வீச்சுக்கு ஒன்றரை நொடி, அடுத்த வீச்சு முந்தையதன் பாதிக்கு மேல் படியட்டும்.

ஒலி கேட்டதும் தோண்டாதீர்கள். அதே இடத்தில் தொண்ணூறு பாகை திரும்பி நின்று மறுபடி வீசுங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, ஒரே புள்ளியில், சுருக்கமாக ஒலித்தால் தோண்டத் தகுந்தது. ஒரு பக்கம் கேட்டு மறுபக்கம் மறைந்தால், அல்லது நுனியில் உடைந்து இரட்டையாகக் கேட்டால் பெரும்பாலும் இரும்பு. டிராக்டர் பின் போன்ற பெரிய தட்டை இரும்பு மட்டும் செம்பு போலவே ஏமாற்றும்.

வயலில் எதிர்பார்க்க வேண்டிய குப்பையைச் சொல்லிவிடுவது நியாயம்: மாட்டு லாடம், லாட ஆணி, போல்ட், முள்கம்பித் துண்டு, மோட்டார் வைண்டிங்கின் செம்புக் கம்பி, மாத்திரை அட்டை, பாக்குப் பொட்டலத்தின் அலுமினியத் தாள், பீர் பாட்டில் மூடி. இரும்பின் ஒலியை மிஷினிலேயே ஒதுக்கிவிடலாம். அலுமினியத் தாளை ஒதுக்கினால் தங்கப் பணமும் சேர்ந்து போய்விடும், ஏனென்றால் இரண்டையும் மிஷின் ஏறக்குறைய ஒரே எண்ணில் காட்டும். தங்கப் பணம் வேண்டுமென்றால் பொட்டலத்தாளையும் தோண்டித்தான் ஆக வேண்டும், வேறு வழியில்லை.

பழகுவதற்கு வீட்டுக் கொல்லையில் ஒரு சோதனைப் பாத்தி போடுங்கள். இன்றைய ஒரு ரூபாய், இரண்டு ரூபாயைப் புதைக்காதீர்கள். அவை காந்தத்தில் ஒட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், மிஷினுக்கு இரும்பு. வீட்டுப் பெட்டியில் கிடக்கும் செம்புக் காலணா நாலு எடுத்து 5, 10, 15, 20 செ.மீ. ஆழத்தில் ஒரு முழ இடைவெளியில் புதையுங்கள். பக்கத்தில் ஒரு லாட ஆணி, ஒரு பொட்டலத்தாள். காய்ந்த மண்ணில் ஒரு முறை, தண்ணீர் பாய்ச்சிய மறுநாள் ஒரு முறை கேட்டுப் பாருங்கள். ஈரத்தில் தெளிவு கூடும். ஒரு வாரம் இப்படிக் காது பழகிய பிறகு வயலுக்குப் போவது மேல்.

தோண்டும் முறை

உழவு போகும் ஆழம்தான் உங்கள் எல்லை. ஒன்பது கலப்பை 10 முதல் 15 செ.மீ. போகும். சட்டிக் கலப்பை 20, 25. அந்த மண் ஏற்கெனவே புரண்ட மண். அதில் காசு இருந்த அடுக்கு என்று ஒன்று மிச்சமில்லை. அதற்குக் கீழே கலையாத மண் தொடங்கும், நிறமும் இறுக்கமும் மாறுவது கையிலேயே தெரியும். ஒலி அங்கிருந்து வந்தால் தோண்டாதீர்கள். கலையாத மண்ணில் காசு எந்தத் தரையோடு, எந்தச் சாம்பலோடு, எந்த ஓட்டோடு கிடக்கிறது என்பதுதான் அதன் காலத்தைச் சொல்லும். அதை மண்வெட்டியால் ஒரு கொத்துக் கொத்தினால் பிறகு எந்த நிபுணராலும் மீட்க முடியாது. இடத்தைக் குறித்து, மண்ணை மூடி, தெரிவியுங்கள்.

மேல்மண்ணில் இருந்தால், ஒலிப் புள்ளியிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கொத்தை இறக்கி, மண்ணைக் கட்டியாகப் புரட்டுங்கள். நேராகப் புள்ளியில் இறக்கினால் காசின் நடுவில் வெட்டு விழும். கட்டியைக் காயில் மேல் காட்டிப் பாருங்கள், அல்லது பின்பாயிண்டரால் தடவுங்கள். உதிர்ப்பது கையால். குழியை உடனே மூடி மிதியுங்கள். மூடாத குழியில் மாட்டின் கால் உடைந்தால் அடுத்த தடவை எந்த ஊரிலும் உங்களை உள்ளே விடமாட்டார்கள்.

மழைக்குப் பிறகு கல்லடுக்கு வரப்போரம் விரியன் இருக்கும். கையை விட்டுத் துழாவாதீர்கள். காட்டோர வயலில் கந்தலோ நூலோ சுற்றிய உருண்டை கிடந்தால் தொடாமல் விலகுங்கள். காட்டுப்பன்றிக்கு வைக்கும் அவுட்டுக்காய் என்ற நாட்டு வெடி கையை எடுத்துவிடும். சொட்டுநீர்ப் பைப், மோட்டார் கேபிள் எந்தப் பக்கம் போகிறது என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரே இடத்தில் இரண்டு, மூன்று காசு வந்தாலோ, பானை விளிம்பு தெரிந்தாலோ அங்கேயே நிறுத்துங்கள். பானையைத் தூக்க ஆசை வரும். தூக்கினால் அடி கழன்று விழும், காசுகள் எந்த வரிசையில் போடப்பட்டன என்ற செய்தி போய்விடும். ஒரு சாக்கால் மூடி, மேலே மண் போட்டு, ஒருவர் காவல் இருக்க, மற்றவர் கிராம நிர்வாக அலுவலரிடம் போக வேண்டும். ஊர் முழுக்கச் சொல்லிவிட்டுப் போகாதீர்கள்.

குறிப்பு எழுதுவது

காசுக்கு இருக்கும் மதிப்பில் பாதிக்கு மேல் இந்தக் குறிப்பில்தான் இருக்கிறது. தனியாக வந்த ஒரு இராசராசன் காசு எல்லா அருங்காட்சியகத்திலும் நூற்றுக்கணக்கில் உண்டு. இன்ன சர்வே எண்ணில், இன்ன ஆழத்தில், இன்ன ஓடுகளோடு கிடைத்த காசு அபூர்வம்.

காசு கிடந்த புள்ளியில் நின்று கைபேசி வரைபடத்தில் விரலை அழுத்திப் பிடித்தால் எண்கள் வரும். புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கம் எழுதினால் ஏறக்குறைய ஒரு மீட்டர் துல்லியம். கூடவே ஊர், சர்வே எண், உட்பிரிவு, ஆழம் செ.மீ.-இல், மண் வகை, கடைசியாக ஓட்டிய கலப்பை எது, வண்டல் அடித்ததா, சுற்றிலும் என்ன ஓடு. ஒவ்வொரு காசுக்கும் தனித் தாள் உறை, உறை மேல் பென்சிலில் எண். பேனா மை ஈரத்தில் பரவும். ஒன்றும் கிடைக்காத வயலையும் எழுதுங்கள். அங்கே ஊர் இல்லை என்பதும் ஒரு செய்திதான்.

கழுவாதீர்கள்

புளி, எலுமிச்சை, சாம்பல், விபூதி, பற்பசை, பித்தளை தேய்க்கும் பவுடர் எதுவும் வேண்டாம். செம்புக்காசின் எழுத்து பல நேரம் உலோகத்தில் இல்லை, மேலே படிந்த பச்சைக் களிம்பில்தான் இருக்கிறது. புளி அதைக் கரைத்துவிட்டால் கையில் மிஞ்சுவது பளபளக்கும் வெற்றுத் தகடு.

மண் மட்டும் போக வேண்டுமென்றால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் ஒரு நாள் ஊறவிட்டு, மென்மையான பிரஷ்ஷால் ஒத்தி எடுங்கள். போர்வெல் தண்ணீர் கூடாது. உப்பும் புளோரைடும் நிறைந்த தண்ணீர் இது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதனால்தான் வந்தது. உப்பிலுள்ள குளோரைடு செம்பைத் தின்னும். நிழலில் ஒரு நாள் காயவிட்டு, தாள் உறையில் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் வையுங்கள். மெத்துமெத்தென்ற பிளாஸ்டிக் ஆல்பம் வேண்டாம், அது பிசுபிசுத்துக் காசில் ஒட்டும்.

கெட்டியான கரும்பச்சைக் களிம்பு நல்லது, காசைக் காக்கும். வெளிர்பச்சையில் மாவு போல உதிர்ந்தால் காசு உள்ளே அரிக்கப்படுகிறது. அதை மற்றக் காசுகளிலிருந்து பிரித்து, உலர்வாக வைத்து, சீக்கிரம் அருங்காட்சியகத்தில் காட்டுங்கள். தங்கத்துக்கு வெறும் தண்ணீர் போதும். ஒன்றோடொன்று ஒட்டிய காசுகளைப் பிரிக்காதீர்கள்.

படம் எடுக்க ஃபிளாஷ் வேண்டாம். இருட்டறையில் டார்ச்சைக் காசுக்கு இடப்பக்கம் மேலே, தரையோடு தரையாகச் சாய்த்துப் பிடித்தால் தேய்ந்த எழுத்தும் எழும்பும். இரு பக்கமும், பக்கத்தில் அளவுகோல். நகைக்கடைச் சிறு தராசில் 0.01 கிராம் வரை எடை. இந்த இரண்டு எண்ணும் இல்லாமல் யாரிடமும் 'இது என்ன காசு' என்று கேட்காதீர்கள்.

என்ன கிடைக்கும், எப்படி அறிவது

உண்மையைச் சொன்னால் இங்கே வயலில் வருவதில் அதிகம் நடுக்காலக் காசே அல்ல. மைசூர்க் காசும் கிழக்கிந்தியக் கம்பெனிக் காசும்தான். பாராமகால் என்று பெயர் பெற்ற இந்தப் பகுதி ஐதர், திப்பு கையில் இருந்து 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் கம்பெனிக்குப் போன நாடு. ஒரு பக்கம் யானை, மறுபக்கம் பாரசீக எழுத்து இருந்தால் திப்பு. பைசா 11 கிராம் சொச்சம், அரைப் பைசா அதில் பாதி. ஆண்டு எண்ணில் குழம்பாதீர்கள்: பிற்கால ஆண்டுகளில் எண்ணை வலமிருந்து இடமாக எழுத வைத்தார், 1216 என்பது 6121 போலத் தெரியும். அதைவிடச் சிறிய தடித்த செம்பு, ஒரு பக்கம் கட்டம் கட்டமாகக் கோடு, மறுபக்கம் யானையோ கன்னட எண்ணோ என்றால் திப்புவுக்கு முந்தைய மைசூர். கம்பெனி முத்திரையும் 1803 அல்லது 1808 என்ற ஆண்டும் தெரிந்தால் பர்மிங்காமில் அடித்து மதராசுக்குக் கொண்டுவந்த கம்பெனிக் காசு. இருபது காசு 9 கிராம் சொச்சம், பத்துக் காசு அதில் பாதி.

நடுக்காலத்தில் செம்பாக அதிகம் எதிர்பார்க்கத் தக்கது இராசராசன் காசு. ஒரு பக்கம் குச்சி குச்சியான கைகாலோடு நிற்கும் ஆள், கையில் மலர். மறுபக்கம் உட்கார்ந்த உருவம், பக்கத்தில் நாகரியில் 'ஸ்ரீ ராஜராஜ'. எடை 3 முதல் 4 கிராம். தமிழ் எழுத்தைத் தேடி ஏமாறுபவர்கள் அதிகம். இதில் இருப்பது நாகரி. ஈழக்காசு என்றும் சொல்வார்கள். புலியும் பக்கத்தில் மீனும் வில்லும் இருந்தாலும் சோழர்தான்.

13-ஆம் நூற்றாண்டில் ஒய்சள இராமநாதன் கிருஷ்ணகிரிப் பக்கத்துக் குந்தாணியிலிருந்து ஆண்டான். ஒய்சளரின் பொன் காசில் ஒரு பக்கம் சிங்கம், மறுபக்கம் கன்னட எழுத்து வரிகள். விஷ்ணுவர்த்தனன் காசில் 'ஸ்ரீ தலகாடு கொண்ட', 'ஸ்ரீ நொணம்பவாடி கொண்ட' என்று இருக்கும். நொளம்பர் தகடூரையும் ஆண்டவர்கள் என்பதை நினைத்தால் அந்த இரண்டாவது வரி இந்த ஊர்க்காரருக்குக் கூடுதலாகவே இனிக்கும். எடை 4 கிராமை ஒட்டி.

விஜயநகரச் செம்பில் யானை, காளை, கருடன் வரும், எழுத்து நாகரியிலோ கன்னடத்திலோ. பொன் வராகன் 3.4 கிராம், அரை வராகன் 1.7. பணம் என்பது சட்டைப் பித்தானில் பாதிகூட இருக்காது. காண்டீரவப் பணமும் வீரராயன் பணமும் அந்த அளவுதான். காண்டீரவத்தில் நரசிம்மர் உருவம். மண்ணில் பார்த்தால் காய்ந்த மஞ்சள் செதில் என்று தட்டிவிடத் தோன்றும். இதனால்தான் கட்டியை உதிர்க்கும்போது மூன்று மில்லிமீட்டர்ச் சல்லடை ஒன்று பக்கத்தில் இருக்க வேண்டும்.

எந்தக் காசிலும் விளிம்பில் சீரான கோடு ஓடினால், மேற்பரப்பில் சிறு குமிழ்ப் பள்ளங்கள் இருந்தால் அது அச்சில் ஊற்றிய போலி. சந்தையில் வாங்கிய போலியை 'வயலில் கிடைத்தது' என்று கொண்டுவருவதும் நடக்கிறது.

தெரிவிப்பது

கடிதம் ஆட்சியருக்கு, நகல் வட்டாட்சியருக்கும் மாவட்ட அருங்காட்சியகக் காப்பாட்சியருக்கும். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் அரசு அருங்காட்சியகம் உண்டு. பெயர், முகவரி, நிலத்துக்காரர் பெயர், சர்வே எண், தேதி, காசின் எண்ணிக்கை, எடை, அளவு, இடத்தின் எண்கள், படம் இரு பக்கமும். இரண்டு பிரதி எடுத்துப் போய் ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். ஒப்புகை இல்லாமல் பொருளைக் கையில் கொடுக்காதீர்கள், யார் கேட்டாலும். ஒப்படைப்பு ரசீதில் 'பழைய காசு' என்று பொத்தாம்பொதுவாக எழுதவிடாமல், ஒவ்வொரு காசின் எடையையும் எழுதச் சொல்லுங்கள்.

அதன்பின் ஆட்சியர் அறிவிக்கை வெளியிடுவார். உரிமை கோருபவர் வர நாலு மாதத்துக்குக் குறையாமல், ஆறு மாதத்துக்கு மேற்படாமல் ஒரு நாள் குறிக்கப்படும். அந்த நாளில் நீங்களும் நிலத்துக்காரரும் நேரில் போய், ஒப்புகையையும் சம்மதக் கடிதத்தையும் காட்ட வேண்டும். போகாமல் விட்டவர்கள்தான் பின்னால் பங்கு வரவில்லை என்று அலைகிறார்கள்.